அடுக்கி வைத்த பீரோவில் பட்டு ஏன் பாழாகிறது?

போகி நெருங்கும்போது வேலூர்ப் பக்கத்து வீடுகளில் பீரோவும் பரணும் ஒன்றாகத் திறக்கும். தூசி தட்டுவது, கிழிந்ததைக் கழிப்பது எல்லாம் யாரும் சொல்லித் தர வேண்டாத வேலை. இங்கே சொல்லப்போவது, முதன்முதலாக ஒழுங்காக அடுக்க உட்காருபவர்கள் நல்லெண்ணத்தோடு செய்து, சில வருஷம் கழித்துத் தலையில் கைவைக்கும் தவறுகள்.

டப்பாவை முதலில் வாங்குவது

துணியைப் பிரிக்கும் முன்பே கூடையும் தடுப்பும் வாங்கி வந்துவிடுகிறார்கள். எவ்வளவு மிஞ்சும் என்று தெரியாமல் எதை அளந்து வாங்க முடியும்? முதலில் கழியுங்கள், பிறகு இன்ச் டேப்பை எடுங்கள். சிமெண்ட் ஸ்லாப் அலமாரியில் அகலத்தை முன்பக்கமும் பின்பக்கமும் தனித்தனியாக அளக்க வேண்டும். பூச்சு வேலையில் அரை அங்குலம் கூடக்குறைய இருக்கும், முன்னால் நுழைந்த டப்பா பாதியில் சிக்கிக்கொள்ளும். இரும்பு பீரோவில் ஆழத்தை அளக்கும்போது கதவின் உள்பக்கம் துருத்தும் தாழ்ப்பாள் கம்பியையும் கழித்துக்கொள்ளுங்கள்.

ஒரே நாளில் எல்லாத் தட்டையும் கொட்டுவது

ஒரு நாளைக்கு ஒரு தட்டு.

பட்டுப்புடவையை ஜிப் கவரில் போடுவது

எத்தனை முறை சொன்னாலும் மறுபடி மறுபடி நடப்பது இதுதான், பணமும் அதிகம் போவது இதில்தான். ஆரணியும் காஞ்சிபுரமும் பக்கத்திலேயே இருப்பதால் இங்கே நடுத்தரக் குடும்பத்து பீரோவிலும் நாலைந்து பட்டாவது இருக்கும். புதிதாக அடுக்குகிறவர்கள் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் கவர்களை வாங்கி, கவருக்கு ஒரு புடவையாகப் போட்டு, ஜிப்பை இழுத்து வரிசையாக நிறுத்துகிறார்கள். நிறம் தெரிகிறது, பார்க்க அழகாகவும் இருக்கிறது. உள்ளே புடவை செத்துக்கொண்டிருக்கிறது.

அசல் ஜரிகை என்பது பட்டு நூலின் மேல் மெல்லிய வெள்ளித் தகட்டைச் சுற்றித் தங்கமுலாம் பூசியது. வெள்ளி காற்றிலுள்ள கந்தகத்தால் கறுக்கும். ஈரம் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம். வேலூர் வெயிலுக்குப் பேர்போன ஊர்தான், ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவரே நனைந்து நிற்கும். தீபாவளிக்குக் கட்டிய புடவையை அந்த ஈரக்காற்றோடும் உடம்பு வியர்வையோடும் மடித்து ஜிப்பை மூடினால், அந்த ஈரம் வெளியேற வழியில்லை. சித்திரையில் இரும்பு பீரோ கொதிக்கும்போது, தொட்டால் மெத்தென்று இருந்து நெடி அடிக்கும் பிவிசி கவர் அமில ஆவியையும் கக்கும்.

விளைவை ஒரு புடவையைப் பிரித்தாலே பார்க்கலாம். முந்தானையை விரித்தால் மடிப்பு விழுந்த இடத்தில் மட்டும் பழுப்பும் கறுப்புமாகக் கோடு போட்டிருக்கும். விரலால் தடவினால் ஜரிகை இழை நொறுங்கி நகக்கண்ணில் ஒட்டும். மடிப்பே மாறாமல் வருஷக்கணக்கில் இருந்ததால் பட்டும் அந்தக் கோட்டிலேயே விட்டுப்போகும். இதைப் பாலிஷ் போட்டுச் சரிசெய்ய முடியாது.

சரியான முறைக்குச் செலவே இல்லை. கட்டி அவிழ்த்ததும் சேஃப்டி பின் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, ஃபேன் காற்றில் ஓர் இரவு கொடியில் போடுங்கள். வெயிலில் வேண்டாம், சாயம் வெளுக்கும். ஜரிகை உள்ளே போய் மறுபக்கம் வெளியே தெரியும்படி மடியுங்கள். கஞ்சி போடாத பழைய வெள்ளை நாலு முழ வேட்டியை இரண்டாகக் கிழித்தால் இரண்டு புடவைக்கு உறை ஆயிற்று. புதுத்துணி என்றால் இரண்டு முறை அலசி கஞ்சியைப் போக்குங்கள், கஞ்சிக்குத்தான் வெள்ளிப்பூச்சி வரும். ஐந்து புடவைக்கு மேல் அடுக்க வேண்டாம், கனமானது அடியில். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிரித்து, பழைய மடிப்புக்கு இரண்டு அங்குலம் தள்ளி மடிப்பை மாற்றுங்கள். ஹேங்கரில் தொங்கவிடவும் கூடாது. கனமான கோர்வைப் புடவையில் உடலும் கரையும் சேரும் இடம் பாரம் தாங்காமல் இழுபடும்.

“வெள்ளைத் துணியில் சுற்றினால் எது எந்தப் புடவை என்று எப்படித் தெரியும்?” என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். அந்தப் புடவையின் ரவிக்கைத் துணியில் விரலகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி உறைமேல் நூலால் கட்டிவிடுங்கள். சலவையிலிருந்து பாலிதீன் உறையோடு வரும் புடவைக்கும் இதே விதிதான். வீட்டுக்குள் வந்ததும் உறையைக் கழற்றிவிட வேண்டும்.

அந்துருண்டையும் கற்பூரமும் சேர்த்துப் போடுவது

தனித்தனியாக இருந்தால் வேலூர் வெயிலிலும் இவை திடமாகவே கிடக்கும். இரண்டும் ஒன்றோடொன்று பட்டால் உருகுநிலை இறங்கிவிடும். கோடையில் பிசுபிசுத்து வழிந்து துணியில் எண்ணெய்க்கறை மாதிரி பிடிக்கும். ஏதாவது ஒன்றை மட்டும், துணி முடிச்சில் கட்டி, ஜரிகையில் படாமல் மூலையில் வையுங்கள். பட்டுக்கு இரண்டும் இல்லாமல் வசம்பு முடிச்சே போதும்.

கைக்குழந்தையின் துணி உள்ள தட்டில் அந்துருண்டையே கூடாது. சிவப்பணுக்களைக் காக்கும் G6PD என்ற நொதி (என்சைம்) குறைவாக உள்ள குழந்தைக்கு அந்த வாடையே சிவப்பணுக்களைச் சிதைத்து மஞ்சள்காமாலையைக் கொண்டுவரலாம். பிறந்த குழந்தைக்கு அந்தக் குறை உண்டா என்று பல வீடுகளில் தெரியவே தெரியாது. மூத்த பிள்ளையின் சட்டையை எடுத்து வைத்திருந்தால், துவைத்து வெயிலில் காயவைத்த பிறகே போடுங்கள்.

தட்டில் செய்தித்தாள் விரிப்பது

மை ஒட்டும், வெள்ளிப்பூச்சி வரும். பழைய காட்டன் புடவையை விரியுங்கள்.

தோல்பொருளைத் துணியோடு வைப்பது

ஆம்பூர், ராணிப்பேட்டையில் வேலை பார்க்கிறவர்கள் வீட்டில் பெல்ட், பை, ஷூ நிறைய சேரும். பிளாஸ்டிக்கில் கட்டி பீரோவில் தள்ளினால் மழைக்காலத்தில் பூஞ்சை பூக்கும். துணிப்பையில், தனித் தட்டில்.

ரவிக்கைத் துண்டுகளைச் சேர்த்துக்கொண்டே போவது

தாம்பூலத்தோடு வந்தவை, கட்டைப்பைக்குள் கட்டைப்பையாக அடியில் கிடக்கும். எல்லாவற்றையும் தரையில் கொட்டி, உங்களிடம் இருக்கும் புடவைக்குப் பொருந்துவதை மட்டும் எடுத்து அந்த வாரமே தையலுக்குக் கொடுங்கள். மீதி நவராத்திரி வெற்றிலை பாக்குக்கு. அதற்கென ஒரே ஒரு பை, அது நிரம்பினால் அதற்குமேல் இடமில்லை.

பழைய பட்டைத் தெருவில் வருபவரிடம் தூக்கிக் கொடுப்பது

கழிக்கும் வேகத்தில், ஜரிகை வாங்க வருபவர் சொன்ன விலைக்குக் கொடுத்துவிடுகிறார்கள். முதலில் முந்தானை ஓரத்தில் ஓர் இழையைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிந்தால் பெரும்பாலும் வெள்ளி ஜரிகை. வெள்ளை நூல் தெரிந்தால் சாதா ஜரிகையாக இருக்கும். சிவப்பு தெரிந்த புடவையைத் தனியே எடுத்து வையுங்கள். இரண்டு இடத்தில் எடை போட்டு விலை கேட்காமல் கொடுக்காதீர்கள்.