பிரீமியர் புரோவில் ஸ்கிராட்ச் டிஸ்க், கேஷ், ப்ராஜெக்ட் ஃபோல்டர்: எதை எங்கே வைப்பது?

எடிட்டிங் பழகத் தொடங்குபவர்கள் கட், டிரான்ஸிஷன், கலர் என்று ஒவ்வொன்றாகத் தேடிக் கற்றுக்கொள்கிறார்கள். கோப்புகளை எங்கே வைப்பது என்பதை மட்டும் பெரும்பாலும் யாரும் சொல்லித் தருவதில்லை. சில மாதங்கள் போனதும் சி டிரைவ் நிரம்பிக் கணினி திணறும். ப்ராஜெக்டைத் திறந்தால் டைம்லைன் முழுக்க ‘மீடியா ஆஃப்லைன்’ என்று சிவப்பாக நிற்கும். இதைத் தவிர்க்கப் பெரிய செலவு தேவையில்லை. வேலையைத் தொடங்கும் முன் சில அமைப்புகளைச் சரிசெய்தால் போதும்.

எந்தக் கோப்பைப் பார்த்தாலும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இது அழிந்துபோனால் மறுபடி உருவாக்க முடியுமா? கேமராவில் எடுத்த ஃபுட்டேஜை உருவாக்க முடியாது. தாலி கட்டும் நேரம் திரும்பி வராது. ப்ராஜெக்ட் கோப்பும் அப்படித்தான், அதில் இருப்பது உங்கள் பல நாள் உழைப்பு. ஆனால் கேஷ் (வேலை வேகமாக நடக்க மென்பொருள் எழுதிவைக்கும் தற்காலிகக் கோப்புகள்), ப்ரிவியூ (காட்சியைத் திணறாமல் ஓட்டிப் பார்க்க முன்கூட்டியே உருவாக்கும் கோப்புகள்) இரண்டும் போனால் மென்பொருளே மறுபடி உருவாக்கிக்கொள்ளும். முதல் வகைக்குப் பாதுகாப்பான இடம் வேண்டும், இரண்டாம் வகைக்கு வேகமான இடம் வேண்டும். வேலையின்போது மென்பொருள் உருவாக்கும் கோப்புகளை எழுத நாம் காட்டும் இடம்தான் ஸ்கிராட்ச் டிஸ்க். கீழே வரும் எல்லாமே இந்த ஒரு பிரிவினையிலிருந்து வருகிறது.

இரண்டு கேமராவில் எடுத்த ஒரு திருமண வீடியோவை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். விளக்கம் விண்டோஸ் கணினியில் அடோபி பிரீமியர் புரோவுக்கானது. மேக்கில் மாறுபடும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன்.

படி 1: உங்களிடம் உண்மையில் எத்தனை டிஸ்க் இருக்கிறது?

கணினிக்குள் சி, டி, இ என்று மூன்று டிரைவ் தெரிவதால் மூன்று டிஸ்க் இருப்பதாக நினைத்துவிடாதீர்கள். ஒரே டிஸ்க்கை மூன்றாகப் பிரித்துக் கொடுத்திருப்பார்கள். டாஸ்க் மேனேஜரைத் திறந்து ‘பெர்ஃபார்மன்ஸ்’ பகுதிக்குப் போங்கள். ‘டிஸ்க் 0’ என்ற ஒரே வரியில் சி, டி இரண்டும் சேர்ந்து வந்தால் அவை ஒரே டிஸ்க். அப்போது ஃபுட்டேஜை டியிலும் கேஷை சியிலும் வைப்பதால் வேகம் துளியும் அதிகரிக்காது. டிஸ்க் பழுதானால் இரண்டும் சேர்ந்தே போகும்.

அடுத்து வேகம். சுழலும் ஹார்டுடிஸ்க் நொடிக்குச் சுமார் 100 முதல் 200 எம்பி வரை படிக்கும். சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத டிஸ்க்) 550 எம்பியை நெருங்கும். என்விஎம்இ எஸ்எஸ்டி ஆயிரக்கணக்கான எம்பியைத் தொடும். 100 மெகாபிட் வேகத்தில் பதிவாகும் 4கே காட்சிக்கு நொடிக்கு 12.5 எம்பிதான் தேவை (எட்டு மெகாபிட் சேர்ந்தால் ஒரு எம்பி). எனவே ஒரு ஹார்டுடிஸ்க்கில் இருந்தே அதை எடிட் செய்யலாம். ஆனால் அதே டிஸ்க்கில் இரண்டு கேமரா காட்சியும் கேஷும் ப்ரிவியூவும் ஒரே நேரத்தில் ஓடினால், படிக்கும் முனை அங்கும் இங்கும் அலைந்தே நேரத்தைத் தின்றுவிடும். திணறல் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது.

டெஸ்க்டாப் வைத்திருப்பவர்களுக்கு என் பரிந்துரை: விண்டோஸும் மென்பொருளும் ஒரு எஸ்எஸ்டியில், கேஷும் ப்ரிவியூவும் இன்னொரு எஸ்எஸ்டியில், ஃபுட்டேஜ் பெரிய ஹார்டுடிஸ்க்கில். லேப்டாப் என்றால் கேஷ் உள் எஸ்எஸ்டியிலேயே இருக்கட்டும். ஃபுட்டேஜையும் ப்ராஜெக்டையும் வெளி எஸ்எஸ்டியில் வையுங்கள். அந்த வெளி டிஸ்க்கை யூஎஸ்பி 3 துளையில்தான் செருக வேண்டும். யூஎஸ்பி 2-ன் உச்ச வேகமே 480 மெகாபிட். கணக்கில் 60 எம்பி வரும், கையில் அதைவிடக் குறைவாகவே கிடைக்கும்.

படி 2: இடத்தைக் கணக்கிடுங்கள்

100 மெகாபிட் என்றால் ஒரு மணி நேரக் காட்சிக்கு 45 ஜிபி. இரண்டு கேமராவிலும் சேர்த்து எட்டு மணி நேரம் எடுத்திருந்தால் 360 ஜிபி. காப்பு நகலுக்கு இன்னொரு 360. டிஸ்க்கை விளிம்புவரை நிரப்பாமல் ஐந்தில் ஒரு பங்காவது காலியாக விடுங்கள்.

படி 3: ஃபோல்டர் அமைப்பு

மென்பொருளைத் திறக்கும் முன்பே இதைச் செய்துவிடுங்கள்.

2025-02-14_திருமணம்_மதுரை
　1_ப்ராஜெக்ட்
　2_கேமரா
　　கேமரா-ஏ, அதற்குள் கார்டு-1, கார்டு-2
　　கேமரா-பி, அதற்குள் கார்டு-1, கார்டு-2
　3_ஒலிப்பதிவு
　4_இசை
　5_படங்கள்-தலைப்புகள்
　6_ப்ராக்ஸி
　7_எக்ஸ்போர்ட்

ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் பெயர் தொடங்கினால் எல்லா வேலைகளும் தாமாகவே கால வரிசையில் அடுக்கப்படும். புரிவதற்காக இங்கே தமிழில் எழுதியிருக்கிறேன். நீங்கள் வைக்கும்போது ஆங்கில எழுத்து, எண், சிறு கோடு, அடிக்கோடு இவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சில பழைய பிளக்இன்கள் (மென்பொருளோடு கூடுதலாகச் சேர்க்கும் கருவிகள்) மற்ற எழுத்துகளில் தடுமாறும். ப்ராக்ஸி என்பது எடிட்டிங் எளிதாக ஓட ஃபுட்டேஜிலிருந்து உருவாக்கும் சிறிய அளவு நகல். கேஷுக்கு இதில் இடம் இல்லை என்பதைக் கவனியுங்கள். அது இந்த மரத்துக்குள் வரவே கூடாது.

இந்தக் காலி ஃபோல்டர்களை ‘மாதிரி’ என்ற பெயரில் ஒருமுறை சேமித்துவிட்டால், ஒவ்வொரு புது வேலைக்கும் அதை நகலெடுத்துப் பெயரை மாற்றினால் போதும்.

விண்டோஸின் ‘டாகுமென்ட்ஸ்’ ஃபோல்டருக்குள் ப்ராஜெக்டை வைக்காதீர்கள். பல கணினிகளில் அது மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவோடு இணைந்திருக்கும். நீங்கள் எடிட் செய்யும்போதே அது பின்னணியில் கோப்புகளை மேலேற்றிக்கொண்டிருக்கும். இணைய வேகமும் போகும், மேகக் கணக்கின் இடமும் தீரும்.

படி 4: கார்டை நகலெடுப்பது

வீடியோ கோப்புகளை மட்டும் பொறுக்கி எடுக்காமல் கார்டில் உள்ள ஃபோல்டர்கள் அத்தனையையும் அப்படியே நகலெடுங்கள். ஏவிசிஎச்டி போன்ற வடிவங்களில் நீண்ட காட்சி பல துண்டுகளாகப் பிரிந்து கிடக்கும். கார்டின் அமைப்பு கலையாமல் இருந்தால்தான் பிரீமியரின் மீடியா பிரவுசர் அவற்றை ஒரே கிளிப்பாக இணைத்துக் காட்டும்.

புதியவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது கோப்புப் பெயரில். சோனி கேமராக்கள் காட்சிகளுக்கு சி0001, சி0002 என்று பெயர் வைக்கும். கேமரா ஏயிலும் சி0001 இருக்கும், பியிலும் இருக்கும். எண்ணிக்கை மறுபடி தொடங்கும்படி அமைத்திருந்தால் ஒவ்வொரு கார்டிலும் இருக்கும். எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் கொட்டினால் ஒன்றை மற்றொன்று அழித்துவிடும் அபாயம் உண்டு. அழியாமல் தப்பினாலும், பின்னால் இணைப்பு அறுந்து மறுபடி இணைக்கும்போது முகூர்த்தக் காட்சி இருந்த இடத்தில் சாப்பாட்டுப் பந்தி வந்து உட்காரும். ஆகவே கேமராவுக்கு ஒரு ஃபோல்டர், அதற்குள் கார்டுக்கு ஒரு ஃபோல்டர் என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள். கேமராவிலும் எண்ணிக்கை தொடர்ந்து போகும்படி அமைத்துவிடுங்கள்.

நகலெடுத்து முடிந்ததும் கார்டின் கோப்பு எண்ணிக்கையையும் மொத்த அளவையும் டிஸ்க்கில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். இரண்டாவது டிஸ்க்கிலும் ஒரு நகல் ஏறிய பிறகே கார்டை ஃபார்மேட் செய்ய வேண்டும். இதில் அவசரம் காட்டும் யாருக்கும் செவிசாய்க்காதீர்கள்.

படி 5: ஸ்கிராட்ச் டிஸ்க்கை அமைப்பது

புது ப்ராஜெக்டை ‘1_ப்ராஜெக்ட்’ ஃபோல்டரில் உருவாக்குங்கள். பிறகு ஃபைல் மெனுவில் ‘ப்ராஜெக்ட் செட்டிங்ஸ்’, அதில் ‘ஸ்கிராட்ச் டிஸ்க்ஸ்’. ஒவ்வொரு வரியிலும் ‘சேம் அஸ் ப்ராஜெக்ட்’ என்று இருக்கும். அதாவது எல்லாமே ப்ராஜெக்ட் கோப்பின் பக்கத்திலேயே போய்ச் சேரும்.

‘கேப்சர்டு வீடியோ’, ‘கேப்சர்டு ஆடியோ’ இரண்டும் டேப்பில் இருந்து பதிவிறக்குபவர்களுக்கானவை. கார்டில் எடுப்பவர்கள் அப்படியே விட்டுவிடலாம்.

‘வீடியோ ப்ரிவியூஸ்’, ‘ஆடியோ ப்ரிவியூஸ்’ இரண்டையும் வேகமான எஸ்எஸ்டிக்கு மாற்றுங்கள். டைம்லைனுக்கு மேலே தெரியும் சிவப்புக் கோட்டை ரெண்டர் செய்து (அந்தப் பகுதியை முன்கூட்டியே கணித்து எழுதி) பச்சையாக்கும்போது உருவாகும் கோப்புகள் இங்கே சேரும். அவை எவ்வளவு பெருகும் என்று தெரிந்துகொள்ளுங்கள்: நொடிக்கு 30 ஃபிரேம் கொண்ட 4கே காட்சியை புரோரெஸ் 422 வடிவில் ரெண்டர் செய்தால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 265 ஜிபி. அதனால் திணறும் பகுதியை மட்டும் ரெண்டர் செய்யுங்கள். இடத்தை முதல் நாளே முடிவுசெய்துவிடுவது நல்லது. நடுவில் மாற்றினால் ரெண்டர் செய்தவற்றை மறுபடி செய்ய நேரும்.

‘ப்ராஜெக்ட் ஆட்டோ சேவ்’ வரியில் மட்டும் ‘சேம் அஸ் ப்ராஜெக்ட்’ வேண்டாம். ப்ராஜெக்ட் இருக்கும் டிஸ்க் பழுதானால் அதன் தானியங்கி நகலும் அதே டிஸ்க்கோடு போய்விட்டால் என்ன பயன்? ப்ராஜெக்ட் வெளி டிஸ்க்கில் இருந்தால் ஆட்டோ சேவை உள் டிஸ்க்குக்கு மாற்றுங்கள். ப்ராஜெக்ட் கோப்பு ஃபுட்டேஜோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது, இடம் ஒரு பிரச்சினையே அல்ல. எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை, எத்தனை நகல் என்பதை ‘ப்ரிஃபரன்ஸஸ்’ பகுதியின் ‘ஆட்டோ சேவ்’ பக்கத்தில் மாற்றலாம். நான் 5 நிமிடம் வைத்திருக்கிறேன்.

படி 6: மீடியா கேஷ்

பலர் ஸ்கிராட்ச் டிஸ்க்கை மாற்றிவிட்டு ‘சி டிரைவ் இன்னும் நிரம்புகிறதே’ என்று கேட்பார்கள். காரணம், மீடியா கேஷுக்கு இடம் குறிப்பது வேறொரு பக்கத்தில். எடிட் மெனுவில் ‘ப்ரிஃபரன்ஸஸ்’, அதில் ‘மீடியா கேஷ்’. மேக்கில் பிரீமியர் மெனுவின் ‘செட்டிங்ஸ்’ பகுதியில் இருக்கும். ப்ராஜெக்டுக்கு ஓர் இடம் என்று தனித்தனியாக அல்ல, கணினியில் உள்ள எல்லா ப்ராஜெக்டும் இந்த ஒரே இடத்தில் எழுதும். ஒலியின் அலைவடிவம், ஒலியை எடிட்டிங்குக்கு ஏற்ப மாற்றிய கோப்புகள் எல்லாம் இங்கேதான் குவியும்.

இரண்டு ‘பிரவுஸ்’ பொத்தான்கள் இருக்கும், ஒன்று கேஷ் கோப்புகளுக்கு, மற்றது அதன் டேட்டாபேஸுக்கு. இரண்டையும் அதே வேகமான எஸ்எஸ்டிக்கு மாற்றுங்கள். மூலக் கோப்பின் பக்கத்திலேயே கேஷைச் சேமிக்கும் தேர்வை டிக் செய்யாதீர்கள், செய்தால் கார்டு ஃபோல்டர்கள் குப்பையாகும். கீழே பழைய கேஷைத் தானாக அழிக்கும் தேர்வுகள் உண்டு. நாள் கணக்கில் 30 வைத்தால் போதுமானது.

கைமுறையாக அழிக்க அங்கேயே ‘டிலீட்’ பொத்தான் இருக்கிறது. ப்ராஜெக்ட் எதையும் திறக்காமல் இருந்தால் மொத்தக் கேஷையும் அழிக்கலாம். பயப்பட வேண்டாம், எடிட் எதுவும் கலையாது. அடுத்த முறை திறக்கும்போது அலைவடிவங்களை உருவாக்கச் சற்று நேரம் எடுக்கும், அவ்வளவுதான்.

படி 7: ‘மீடியா ஆஃப்லைன்’ வந்தால்

பிரீமியர் ஃபுட்டேஜைத் தனக்குள் வைத்துக்கொள்வதில்லை. அது இருக்கும் முகவரியை மட்டும் குறித்து வைக்கிறது. இம்போர்ட் செய்தபின் ஃபோல்டர் பெயரை மாற்றினாலோ, நேற்று இ என்று தெரிந்த வெளி டிஸ்க் இன்று எஃப் என்று வந்தாலோ முகவரி தவறிவிடும். டிரைவ் எழுத்துதான் காரணம் என்றால் விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டில் பழைய எழுத்தையே திரும்பக் கொடுங்கள். மற்றபடி ‘லிங்க் மீடியா’ சாளரத்தில் முதல் கோப்பைக் காட்டினால் மீதியைத் தானே தேடிக்கொள்ளும். ஒரே பெயரில் பல கிளிப் இருந்தால் அந்தச் சாளரத்தில் ‘மீடியா ஸ்டார்ட்’ பொருத்தத்தையும் சேர்த்துத் தேர்ந்தெடுங்கள்; டைம்கோட் (காட்சியோடு பதிவாகும் நேரக் குறியீடு) வேறுபட்டால் தவறான கிளிப் ஒட்டிக்கொள்ளாது.

கிளிப்புக்கு வேறு பெயர் வேண்டுமென்றால் ப்ராஜெக்ட் பேனலுக்குள் மாற்றுங்கள். அது டிஸ்க்கில் உள்ள கோப்பைத் தொடாது.

டாவின்சி ரிசால்வ் பயன்படுத்துபவர்களுக்கு

இதுவும் ஓர் எடிட்டிங் மென்பொருள். தத்துவம் அதேதான், இடங்கள் வேறு. ப்ரிஃபரன்ஸஸின் ‘மீடியா ஸ்டோரேஜ்’ பட்டியலில் முதலில் இருக்கும் டிஸ்க்தான் ஸ்கிராட்ச் டிஸ்க். எனவே எஸ்எஸ்டியை மேலே வையுங்கள். கேஷின் இடம் ப்ராஜெக்ட் செட்டிங்ஸில் ‘வொர்க்கிங் ஃபோல்டர்ஸ்’ என்ற பகுதியில். ரிசால்வ் தன் ப்ராஜெக்டுகளை ஒரு டேட்டாபேஸுக்குள் வைக்கிறது. ஆகவே ஃபோல்டரை நகலெடுத்தால் ப்ராஜெக்டும் வந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். ப்ராஜெக்டை எக்ஸ்போர்ட் செய்து ‘1_ப்ராஜெக்ட்’ ஃபோல்டரில் போட்டுவையுங்கள்.

படி 8: வேலை முடிந்ததும்

வீடியோவைக் கொடுத்த பிறகு சீக்வென்ஸ் மெனுவில் ‘டிலீட் ரெண்டர் ஃபைல்ஸ்’ கொடுத்து ப்ரிவியூக்களை அழியுங்கள். ப்ராக்ஸிகளையும் அழிக்கலாம், ஆனால் மறுபடி உருவாக்க நேரம் பிடிக்கும் என்பதால் திருத்தம் எல்லாம் முடியும்வரை நான் வைத்திருப்பேன்.

கோப்புகள் பல இடங்களில் சிதறிக் கிடந்தால் ஃபைல் மெனுவில் உள்ள ‘ப்ராஜெக்ட் மேனேஜர்’ உதவும். ‘கலெக்ட் ஃபைல்ஸ்’ தேர்வு பயன்படுத்திய கோப்புகளை ஒரே இடத்தில் நகலெடுத்துத் தரும். தமிழ் எழுத்துருக்களும் பிளக்இன்களும் அதில் சேராது. எழுத்துருக் கோப்புகளை நீங்களே ‘5_படங்கள்-தலைப்புகள்’ ஃபோல்டரில் போட வேண்டும். இல்லாவிட்டால் மறு ஆண்டு திறக்கும்போது மணமக்கள் பெயர் கட்டம் கட்டமாகத் தெரியும்.

மொத்த ஃபோல்டரையும் காப்பு டிஸ்க்கில் ஏற்றிய பிறகு, மூல டிஸ்க்கைக் கழற்றிவிட்டுக் காப்பு டிஸ்க்கில் உள்ள ப்ராஜெக்டைத் திறந்து பாருங்கள். டைம்லைனை முதலில் இருந்து கடைசிவரை ஓட்டுங்கள். சிவப்புத் திரை எங்கும் வரவில்லை என்றால் மூல டிஸ்க்கை அடுத்த வேலைக்கு எடுத்துக்கொள்ளலாம். அதற்கு முன் இன்னொரு டிஸ்க்கிலும் ஒரு நகல் இருக்கட்டும்.