ராமநாதபுரம் கரையிலிருந்து மலையூருக்கு முதல் பயணம் போவது எப்படி?

தொண்டியிலிருந்து ஏர்வாடி வரை நம் கரையில் எங்கே நின்று பார்த்தாலும் தரை தட்டையாகத்தான் இருக்கும். ராமேஸ்வரம் தீவிலேயே உயரமான இடம் என்று சொல்லப்படும் கந்தமாதன பர்வதம்கூட ஒரு மேடுதான். அதனால் மலைக்கு முதல்முறை போகிறவர்கள் பெரும்பாலும் ஒரு வேனைப் பிடிக்கிறார்கள், ஒரே நாளில் எட்டு பத்து 'பாயிண்ட்' பார்க்கிறார்கள், பாதிப் பேர் வாந்தியெடுத்துக் களைத்து ராத்திரியோடு ஊர் திரும்பிவிடுகிறார்கள். இது எனக்கு உண்மையிலேயே வருத்தமான விஷயம். ஒரே ஊரில் இரண்டு இரவாவது தங்கி, காலால் நடந்து பார்த்தால்தான் மலை பிடிபடும்.

நமக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது கொடைக்கானல். அதை வைத்தே சொல்கிறேன். மற்ற மலைகளுக்கு என்ன மாறும் என்பதையும் அங்கங்கே சேர்த்துக்கொள்கிறேன்.

படி 1: மாதத்தை முடிவு செய்யுங்கள்

நம் ஊர் வானத்தை வைத்து மலையின் வானத்தைக் கணக்குப் போடக் கூடாது. நமக்கு மழை என்றால் ஐப்பசி, கார்த்திகையில் வரும் வடகிழக்குப் பருவமழைதான். ஆனி, ஆடியில் நம் கரையில் கச்சான் காற்று மணலை வாரி அடிக்கும், ஒரு சொட்டு விழாது. அதே நாட்களில் மூணாறிலும் வால்பாறையிலும் இரவு பகலாகக் கொட்டிக்கொண்டிருக்கும். அரபிக்கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் முட்டி, மேலேறிக் குளிர்ந்து, அங்கேயே பெய்துவிடுகிறது. ஈரம் போன காற்றுதான் நம் பக்கம் இறங்கி வருகிறது. வால்பாறைக்கு அருகிலுள்ள சின்னக்கல்லாறு தமிழ்நாட்டிலேயே மிக அதிகமாக மழை பெறும் இடங்களில் ஒன்று.

இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு பக்கம் பெட்டிமுடியில் மலை சரிந்து தேயிலைத் தோட்டக் குடியிருப்பு அப்படியே புதைந்தது. 70 பேரைப் பறிகொடுத்தோம், அவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். 2024 ஜூலை 30 அதிகாலையில் வயநாட்டில் நடந்தது அதைவிடப் பெரிய கொடுமை. ஆகவே ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்குச் சரிவு ஊர்கள் முதல் பயணத்துக்கு வேண்டாம். கொடைக்கானல் இருக்கும் பழனி மலை கிழக்கே நீண்டு கிடப்பதால் அங்கே பெருமழை அக்டோபர், நவம்பரில். அந்த இரண்டு மாதமும் நம் ஊரிலும் மழை, அங்கேயும் மழை. வீட்டிலேயே இருக்கலாம்.

விசைப்படகு வைத்திருக்கும் குடும்பங்களுக்கு மீன்பிடித் தடைக்காலத்தில்தான், அதாவது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையுள்ள 61 நாளில்தான், ஓய்வு கிடைக்கும். ஆனால் மே மாதம் மலையூர்களில் கூட்டம் நெரியும் மாதம். உங்களால் முடிந்தால் ஏப்ரல் பிற்பாதியில், திங்கள் முதல் வியாழனுக்குள் போய் வந்துவிடுங்கள். தடைக்காலத்தோடு கட்டுப்படாதவர்களுக்குப் பொங்கல் முடிந்து மார்ச் வரை அருமையான காலம். குளிர் கொஞ்சம் கடிக்கும், ஆனால் வானம் துடைத்துவிட்டது மாதிரி இருக்கும்.

படி 2: மலையைத் தேர்ந்தெடுங்கள்

ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏறும்போதும் வெப்பம் ஏறக்குறைய 6.5 டிகிரி குறையும். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர். ராமநாதபுரத்தில் 34 டிகிரி அடிக்கும் மதியத்தில் அங்கே 20 டிகிரி பக்கம்தான் இருக்கும். ஊட்டி சுமார் 2,240 மீட்டர், அங்கே ஜனவரி இரவுகளில் உறைபனியே விழும். கைக்குழந்தையோ மூட்டுவலிக்கார அப்பத்தாவோ உடன் வந்தால் 1,500 மீட்டர் அளவிலுள்ள ஏற்காடு நல்லது. திண்டுக்கல்லுக்குப் பக்கத்துச் சிறுமலை இன்னும் எளிது, கூட்டமும் குறைவு. கொல்லிமலை அழகுதான், ஆனால் 70 கொண்டை ஊசி வளைவு. அதை இரண்டாவது பயணத்துக்கு வையுங்கள்.

படி 3: காலைப் பழக்குங்கள்

மூன்று வாரம் முன்பே தொடங்குங்கள். தனுஷ்கோடிப் பக்கம் மணலில் நடப்பது கெண்டைக்காலுக்கு நல்ல பயிற்சி. ஆனால் ஏறி இறங்கும் பழக்கம் அதில் வராது. வீட்டு மாடிப்படியில் தினமும் இருபது நிமிடம் ஏறி இறங்குங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதுரைப் பக்கம் சமணர் மலைக்கோ, சிவகங்கை மாவட்டத்துப் பிரான்மலைக்கோ போய் ஏறிப் பாருங்கள். ஏறும்போது மூச்சு வாங்கும். இறங்கும்போதுதான் முழங்கால் பதம் பார்க்கும் என்பது அங்கே தெரிந்துவிடும்.

படி 4: பையில் என்ன வைப்பது

குளிருக்கு ஒரே தடித்த கம்பளிச் சட்டையைவிட மூன்று மெல்லிய உடுப்பு மேல். நடக்கும்போது சூடேறினால் ஒன்றைக் கழற்றலாம், நின்றால் போட்டுக்கொள்ளலாம். ஈரமான பருத்தித் துணி மலையில் லேசில் காயாது, அதனால் உள்ளே போடும் பனியனுக்கும் காலுறைக்கும் மாற்று ஒன்று கட்டாயம் வேண்டும். கடலுக்குப் போகும்போது போடும் மழைக்கோட்டு வீட்டில் இருந்தால் அதுவே போதும், புதிதாக வாங்க வேண்டாம். ரப்பர் செருப்பை மட்டும் ஊரிலேயே விட்டுவிடுங்கள். பாசி பிடித்த கல்லில் அது வழுக்கும். அடியில் நல்ல பள்ளமும் மேடும் உள்ள ஷூ வேண்டும், அதை ஊரிலேயே ஒரு வாரம் போட்டுப் பழகியிருக்க வேண்டும்.

குளிராக இருப்பதால் வெயில் உறைக்காது, ஆனால் உயரத்தில் வெயிலின் புறஊதாக் கதிர் கூடுதல். தொப்பி போடுங்கள். உதடு வெடித்தால் தேங்காய் எண்ணெய் போதும். தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில் கொண்டுபோங்கள். கொடைக்கானலிலும் நீலகிரியிலும் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை உண்டு.

அடுப்பும் அரிசியும் கட்டிக்கொண்டு போகும் குடும்பங்களுக்கு ஒரு விஷயம். 2,100 மீட்டரில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பானையில் சோறு வேக நேரமாகும், பருப்பு படுத்தி எடுக்கும். குக்கர் எடுத்துப்போங்கள்.

படி 5: போய்ச் சேருவது

ராமநாதபுரத்துப் பேருந்து மதுரையில் மாட்டுத்தாவணியில் விடும். கொடைக்கானல் பேருந்து ஆரப்பாளையத்தில் கிளம்பும். புதிதாகப் போகிறவர்கள் தடுமாறுவது இங்கேதான். மாட்டுத்தாவணியிலிருந்து ஆரப்பாளையத்துக்கு நகரப் பேருந்து நிறைய உண்டு, இதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்கிவையுங்கள். மதுரையிலிருந்து மேலே போக நான்கு மணி நேரம் ஆகும்.

வத்தலக்குண்டு தாண்டிய பிறகு ஏற்றமும் வளைவும்தான். கடலில் வள்ளம் எவ்வளவு ஆடினாலும் அசராதவர்களும் இங்கே தலைசுற்றிப் போவதுண்டு. உடம்பு திரும்புவதைக் காது உணர்கிறது, கண்ணோ பேருந்துக்குள் அசையாத இருக்கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. இரண்டும் ஒத்துப்போகாததால் குமட்டல் வருகிறது. அதனால் முன்பக்கம் உட்காருங்கள், தூரத்துச் சாலையைப் பாருங்கள், செல்போனை உள்ளே வையுங்கள். இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மாத்திரை போடுகிறவர்கள் ஏற்றம் தொடங்க அரை மணி நேரம் முன்பே போட வேண்டும். அந்த மாத்திரை தூக்கம் வரவைக்கும், வண்டி ஓட்டுகிறவர் தொடவே கூடாது.

சொந்த வண்டியிலோ வாடகை வண்டியிலோ போனால் இ-பாஸ் வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இது நடைமுறையில் இருக்கிறது. அரசின் இணையதளத்தில் இலவசமாகவே எடுக்கலாம். அரசுப் பேருந்தில் போகிறவர்களுக்கு இது தேவையில்லை. மலைச்சாலையில் ஏறி வரும் வண்டிக்குத்தான் முதல் வழி. இறங்கும்போது, ஏற எந்த கியர் தேவைப்பட்டதோ அதே கியரில் இறங்குங்கள். நியூட்ரலில் விட்டுப் பிரேக்கை மட்டும் நம்பினால் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும்.

படி 6: முதல் நாள் ஏரியைச் சுற்றுங்கள்

மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் 1863-ல் உருவாக்கிய ஏரி இது. சுற்றி வர ஏறக்குறைய 5 கிலோமீட்டர், பெரும்பாலும் சமதளம். குளிருக்கும் மூச்சுக்கும் உடம்பு பழக இதைவிட நல்ல நடை கிடையாது. அன்றைக்கு வேறு எதுவும் வேண்டாம். சாப்பிட்டுவிட்டுச் சீக்கிரம் படுங்கள்.

படி 7: இரண்டாம் நாள், விடிந்ததும் கிளம்புங்கள்

காலையில் பள்ளத்தாக்கு பளிச்சென்று தெரியும். வெயில் ஏற ஏறக் கீழே உள்ள காற்று சூடாகி மேலே எழும்பும், குளிர்ந்து மேகமாகும், மதியத்துக்குமேல் அதுவே மூடுபனியாக வந்து பாதையை மறைக்கும். ஆறு மணிக்கு இறங்கி இரண்டு மணிக்குள் அறைக்குத் திரும்பிவிடுவது நல்லது. வாடைக்காற்றையும் கொண்டலையும் பார்த்தே கடலுக்குப் போவதா வேண்டாமா என்று முடிவெடுக்கிற கண் நம்மவர்களுக்கு உண்டு. அந்தக் கண்ணை மலையிலும் பயன்படுத்துங்கள். மேகம் எந்தப் பக்கம் கட்டுகிறது, காற்று திரும்புகிறதா என்று அரை மணிக்கொரு தரம் நின்று பாருங்கள். நம்மவர்களுக்கு இது பெரிய பலம், பலர் இதை ஊரிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள்.

வட்டக்கானலிலிருந்து டால்பின் நோஸ் என்ற பாறை முனைக்குப் போகும் பாதை முதல் நடைக்குச் சரியாக இருக்கும். போகும்போது இறக்கம், திரும்பும்போது மூச்சு முட்டும் ஏற்றம். அதனால் பாதித் தெம்பு மிச்சம் இருக்கும்போதே திரும்பிவிடுங்கள். சமதளத்தில் மணிக்கு 4 கிலோமீட்டர் நடக்கிறவர், ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம் சேர்த்துக்கொள்ள வேண்டும். பாறை விளிம்பில் நின்று செல்ஃபி எடுப்பதை அடியோடு விட்டுவிடுங்கள்.

காட்டுக்குள் போகும் பாதைகளில் வனத்துறை அனுமதியில்லாமல் கால் வைக்கவே கூடாது. 2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறப் போனவர்கள் இறந்த பிறகு விதிகள் இறுக்கப்பட்டன. 2024 அக்டோபரில் தமிழக அரசு தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் 40 பாதைகள் உள்ளன. இணையத்தில் பதிவு செய்தால் வழிகாட்டியோடு போகலாம். கோடைத் தொடக்கத்தில் தீ அபாயத்தால் பாதைகளை மூடுவதுண்டு, கிளம்பும் முன் பாருங்கள்.

கொடைக்கானல் தெருவிலேயே காட்டுமாடு நிற்கும். சாதுவாகத் தெரியும், கிட்டே போகாதீர்கள். சுற்றிப் போங்கள், இல்லையென்றால் அது போகும்வரை காத்திருங்கள். மழை ஈரத்தில் வால்பாறை, மூணாறு பக்கம் அட்டை ஏறும். பேன்ட்டைக் காலுறைக்குள் செருகி, மேலே உப்பு கலந்த எண்ணெய் தடவுங்கள். கடித்துவிட்டால் பிடித்து இழுக்காமல் உப்பை வையுங்கள், தானே விழும்.

படி 8: ஊர்க்காரர்களோடு பழகுங்கள்

மூன்றாம் நாள் காலை உள்ளூர்ப் பேருந்தில் பூம்பாறை போங்கள். படிப்படியாக வெட்டிய வயல்கள், குழந்தை வேலப்பர் கோயில், புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டு. ஒரு கிலோ பூண்டை விளைவிப்பவரிடமே வாங்குங்கள், அடித்துப் பேரம் பேசாதீர்கள். பழனி மலையின் ஆதிக்குடிகள் பளியர்கள். அவர்கள் குடியிருப்புக்குள் கேமராவோடு நுழைவது பெரிய மரியாதைக் குறைவு.

வால்பாறைக்கும் மூணாறுக்கும் போனால் இன்னொன்று கிடைக்கும். அங்கே தேயிலை பறிப்பவர்களில் பலருடைய பாட்டன் பூட்டன்கள் நம் ராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து பஞ்சத்தில் பிழைக்கப் போனவர்கள். டீக்கடையில் உட்கார்ந்து "அக்கா, உங்களுக்குப் பூர்வீகம் எந்தப் பக்கம்?" என்று கேளுங்கள். பதிலில் உங்கள் பக்கத்து ஊர்ப் பெயரே வரலாம்.

படி 9: அடுத்த மலை

அடுத்து நீலகிரி என்றால், மேட்டுப்பாளையத்திலிருந்து பல்சக்கரத்தில் ஏறும் மலை ரயிலுக்கு முன்பதிவு 60 நாள் முன்பே திறக்கும், அன்றைக்கே எடுத்துவிடுங்கள். சிம்லாவும் டார்ஜிலிங்கும் உயரத்தில் கிட்டத்தட்ட கொடைக்கானல், ஊட்டி மாதிரிதான், குளிர் மட்டும் பல மடங்கு. லடாக்கில் உள்ள லே அப்படி இல்லை. அது சுமார் 3,500 மீட்டர், விமானத்தில் போய் இறங்கினால் உடம்புக்குப் பழக நேரமே கிடைக்காது. முதல் இரண்டு நாள் முழு ஓய்வு எடுங்கள். அதற்குமேல் போகும்போது, தூங்கும் இடத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தாதீர்கள். தலைவலியோடு குமட்டலும் தள்ளாட்டமும் வந்தால் யார் என்ன சொன்னாலும் மேலே ஏறாதீர்கள், அன்றைக்கே கீழே இறங்கி மருத்துவரைப் பாருங்கள்.