கனடா பி.ஆர்.: ஸ்கோர் இருந்தும் கோட்டைவிடும் இடங்கள்

கனடாவில் நிரந்தரமாகக் குடியேற (பி.ஆர்.) புள்ளிக் கணக்கில் ஆள் தேர்ந்தெடுக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரி பற்றிப் பேச்செடுத்தாலே "ஸ்கோர் எவ்வளவு?" என்றுதான் கேட்கிறார்கள். ஸ்கோர் வேண்டும்தான். ஆனால் விண்ணப்பிக்கச் சொல்லி அழைப்பு வந்த பிறகு காகிதத்தில் சறுக்கினால் அந்த ஸ்கோரால் பயனில்லை.

அதிகம் அடிவாங்குவது வேலை அனுபவக் கடிதத்தில். நம் ஊர் எச்.ஆர். தருவது பெரும்பாலும் நான்கு வரி: இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை இந்தப் பதவியில் இருந்தார், வாழ்த்துகள். கனடாவுக்கு அது போதாது. நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டில் நீங்கள் செய்த வேலைகள், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், சம்பளம், தேதிகள், கையெழுத்திட்டவரின் பெயரும் பதவியும் இருக்க வேண்டும். என்ஓசி குறியீட்டையும் (கனடா அரசின் தொழில் பட்டியலில் உங்கள் வேலைக்கான எண்) பதவிப் பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். செய்த வேலையைப் பாருங்கள். விசிட்டிங் கார்டில் 'மேனேஜர்' என்று இருந்தாலும் நாள் முழுக்க கோடு எழுதியவர் டெவலப்பர்தான். அதற்காக என்ஓசி பக்கத்தில் உள்ள வரிகளை அப்படியே கடிதத்தில் ஒட்டினால் பார்க்கிற அதிகாரிக்குச் சந்தேகம்தான் வரும். எச்.ஆர். விரிவான கடிதம் தர மறுத்தால் மேலாளரிடம் ஒரு கடிதம், சம்பளச் சீட்டுகள், படிவம் 16, நடந்ததைச் சொல்லும் விளக்கக் கடிதம் ஆகியவற்றைச் சேர்த்து அனுப்புங்கள். ஏற்பார்கள் என்ற உத்தரவாதம் இல்லை. வெறுங்கையோடு போவதைவிட மேல்.

ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில் அகாடமிக் எழுதிவிட்டு வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இங்கே வேண்டியது ஜெனரல் டிரெயினிங். 'ஏழரை வந்துவிட்டது, போதும்' என்று நிறுத்துவதும் நஷ்டம். கனடாவின் மொழித்திறன் அளவுகோலான சிஎல்பியில் 9 கிடைக்க லிசனிங்கில் 8, மற்ற மூன்றிலும் 7 வேண்டும். இளநிலைப் பட்டமும் வெளிநாட்டில் மூன்றாண்டு அனுபவமும் உள்ள, திருமணமாகாத ஒருவரை எடுத்துக்கொள்வோம். மற்ற மூன்றும் சரியாக வந்து, லிசனிங் மட்டும் 7.5இலிருந்து 8 ஆனால் மொழிக்கு 8, மொழியும் படிப்பும் சேர்வதற்கு 12, மொழியும் அனுபவமும் சேர்வதற்கு 25 என மொத்தம் 45 புள்ளிகள் கூடும். அந்த அரை பேண்டுக்காக இன்னொரு முறை தேர்வுக் கட்டணம் கட்டலாம்.

நமக்கே உரிய தலைவலி இனிஷியல். பட்டச் சான்றிதழில் 'கே. செந்தில்', பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து குடும்பப் பெயராக நிற்கும், சில பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டமே காலி. எல்லாப் படிவத்திலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதுங்கள். இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று நோட்டரி அஃபிடவிட் ஒன்றும் கையில் இருக்கட்டும்.

அங்கே போய்க் குடியேறக் கையில் பணம் இருக்கிறது என்று காட்டுவதற்காகக் கடைசி வாரத்தில் மாமாவிடம் சில லட்சம் புரட்டிக் கணக்கில் போடாதீர்கள். வங்கிக் கடிதம் ஆறு மாதச் சராசரி இருப்பையும் காட்டும். கடன் வாங்கிய பணம் செல்லாது. ஊரில் உள்ள நிலமும் வீடும் கணக்கில் வராது.

அழைப்பு வந்தால் 60 நாள்தான் அவகாசம். பத்தாண்டுக்குள் தொடர்ந்து ஆறு மாதமோ அதற்கு மேலோ தங்கிய ஒவ்வொரு நாட்டிலிருந்தும் போலீஸ் சான்று வேண்டும். வளைகுடாவில் வேலை பார்த்துத் திரும்பியவர்கள் அதை முன்பே தொடங்கிவிடுவது நல்லது. 2025 ஆகஸ்ட் 21 முதல் மருத்துவப் பரிசோதனையையும் விண்ணப்பிக்கும் முன்பே முடித்திருக்க வேண்டும்.

பழைய விசா மறுப்பை மறைக்காதீர்கள். எந்த நாடு மறுத்திருந்தாலும் சொல்லிவிடுங்கள். மறுப்பு பெரிய குற்றமில்லை, மறைத்தது தெரிந்தால் ஐந்தாண்டுத் தடை. உடன் வராத மனைவி, குழந்தையையும் குறிப்பிட்டாக வேண்டும்; விட்டுவிட்டால் பின்னால் அவர்களை ஸ்பான்சர் செய்யும் வழி அநேகமாக அடைபடும்.

கன்சல்டன்சி வைப்பது அவரவர் விருப்பம். கனடாவில் உரிமம் பெற்றவரா என்று பதிவேட்டில் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். 'ஜாப் ஆஃபர் வாங்கித் தருகிறேன், ஸ்கோர் ஏறும்' என்பவரை நம்ப வேண்டாம். அந்தப் புள்ளிகளை 2025 மார்ச் 25 அன்றே எடுத்துவிட்டார்கள். அனுப்பும் முன் படிவத்தை வாங்கி வரிவரியாகப் படியுங்கள். ஏஜென்ட் எழுதிய பொய்க்கும் தடை விழுவது உங்கள் பெயரில்தான்.