வாசிப்பு ப்ராஜெக்ட்டுக்கு நாடகம் எடுக்கிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

வாசிப்பு ப்ராஜெக்ட்டுக்கு நாடகத்தை எடுக்கும் மாணவர்களிடம் ஏன் என்று கேட்டால், பாதிப் பேர் "புத்தகம் ஒல்லியா இருந்துச்சு" என்பார்கள். முதல் தவறே அதுதான். ஷேக்ஸ்பியரின் துன்பியல் நாடகங்களில் மிகச் சிறியது 'மாக்பெத்'. ஆனால் அதன் மொழி அவ்வளவு அடர்த்தி, ஒரு பாத்திரம் தனக்குத்தானே பேசும் ஒரே ஒரு தனிமொழியில் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட நேரும். பெக்கெட்டின் 'கோடோவுக்காகக் காத்திருத்தல்' இரண்டே அங்கம்தான், அவசரமாகப் படித்தால் "இதில் ஒன்றுமே நடக்கவில்லையே" என்று மூடிவைத்துவிடுவீர்கள். பக்கத்தை எண்ணாதீர்கள். ஏதாவது ஒரு காட்சியை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், எவ்வளவு நேரம் ஆகிறது, எத்தனை இடத்தில் நாக்கு தடுக்குகிறது என்று தெரிந்துவிடும்.

அடுத்தது, நாடகம் என்று நினைத்துக்கொண்டு அதன் கதையைப் படிப்பது. சார்லஸ் லாம்பும் அவர் சகோதரி மேரியும் ஷேக்ஸ்பியர் நாடகங்களைச் சிறுவர்களுக்கான உரைநடைக் கதைகளாக எழுதி 1807-ல் வெளியிட்டார்கள். நல்ல புத்தகம், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதைப் படித்தவர் கதையைத்தான் படித்திருக்கிறார், நாடகத்தை அல்ல. சினிமாவாக வந்ததைப் பார்த்துவிட்டு எழுதுவதும் இதே கணக்குதான். யார் பேசுகிறார், யார் பதில் சொல்லாமல் நிற்கிறார், யார் எந்த நேரத்தில் உள்ளே வருகிறார் என்பதெல்லாம் மூலப் பிரதியில்தான் இருக்கிறது.

எனக்கு மனசு ரொம்ப வலிக்கிற இடம், அடைப்புக்குறிக்குள் இருக்கும் மேடைக்குறிப்புகளைத் தாண்டிப் போவது. நார்வே நாடக ஆசிரியர் இப்சனின் 'பொம்மை வீடு' (1879) எப்படி முடிகிறது என்று பாருங்கள். கதாநாயகி நோரா வீட்டைவிட்டுப் போய்விட்டாள். கணவன் நாற்காலியில் சரிந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறான், எழுந்து சுற்றிப் பார்க்கிறான், அறை காலி. ஒரு நொடி அவனுக்குள் ஒரு நம்பிக்கை எட்டிப் பார்க்கிறது. அப்போது கீழே கதவு மூடும் சத்தம் கேட்கிறது. அவ்வளவுதான், நாடகம் முடிந்தது. அந்தக் கதவுச் சத்தம் யாருடைய வசனமும் இல்லை, வெறும் மேடைக்குறிப்பு. வசனத்தை மட்டும் ஓட்டிப் படித்தவருக்கு இந்த நாடகத்தின் முடிவே கிடைத்திருக்காது! அதனால் குறிப்புகளை வெட்டிச் சுருக்கிய பதிப்பை எடுக்காதீர்கள்.

இதே நாடகத்துக்கு இன்னொரு முடிவும் உண்டு. ஜெர்மனியில் நோராவாக நடிக்க இருந்த நடிகை, பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற மாதிரி நடிக்க மாட்டேன் என்று மறுத்ததால், 1880-ல் நோரா வீட்டிலேயே தங்கிவிடுவதாக இப்சனே மனசில்லாமல் மாற்றி எழுதிக் கொடுத்தார். அதனால் மொழிபெயர்ப்பை எடுக்கும்போது முன்னுரையை ஒரு பார்வை பாருங்கள்: முழுமையான மொழிபெயர்ப்பா, தழுவலா, எந்தப் பிரதியிலிருந்து செய்தது?

ஒரே ஆசிரியரின் பல நாடகங்களை எடுப்பவர்கள் வரிசையில் ஏமாறுவதுண்டு. பழைய கிரேக்க நாடக ஆசிரியர் சோபக்ளிஸ், ஈடிபஸ் என்ற அரசனின் குடும்பத்தைப் பற்றி எழுதிய நாடகங்கள் மூன்றும் ஒரே தொகுப்பாக வருவதால் ஒரே மூச்சில் எழுதிய மூன்று பாகங்கள் என்றே தோன்றும். உண்மையில் கதையில் கடைசியாக வரும் 'ஆன்டிகனி'தான் முதலில் எழுதப்பட்டது, நடுவில் வரும் 'கொலோனஸில் ஈடிபஸ்' அவர் இறந்த பிறகுதான், கி.மு. 401-ல், மேடையேறியது. இது தெரியாமல் "மூன்றாம் பாகத்தில் ஆசிரியர் முதிர்ச்சி அடைந்திருக்கிறார்" என்று எழுதினால் ப்ராஜெக்ட்டே தலைகீழாகிவிடும்.

அப்புறம், நாடகம் எதற்காக எழுதப்பட்டது என்று பார்க்காமல் எடுப்பது. 1891-ல் வந்த சுந்தரம் பிள்ளையின் 'மனோன்மணீயம்' செய்யுள் நாடகம், மேடையைவிட வாசிப்புக்கே பொருந்துவது. அதில் மேடை வேகத்தைத் தேடினால் ஏமாற்றம்தான் மிஞ்சும், செய்யுளின் ஓசைக்காக எடுத்தால் மனசு நிறையும்.

குழுவாகப் படிப்பதாக இருந்தால் முதல் பக்கத்தில் இருக்கும் பாத்திரப் பட்டியலைப் பாருங்கள். ஆறு பேர் குழுவுக்கு இரண்டு பேரே பேசிக்கொண்டிருக்கும் நாடகத்தை எடுத்தால் மற்ற நான்கு பேர் கொட்டாவி விடுவார்கள். பெயர்கள் குழப்புகின்றன என்றால் ஒரு துண்டுத்தாளில் யாருக்கு யார் என்ன உறவு என்று எழுதி, அதையே பக்க அடையாளமாக வைத்துக்கொள்ளுங்கள். ரஷ்ய நாடகங்களுக்கு இது கட்டாயம் தேவை, ஒரே ஆளை மூன்று பெயரில் கூப்பிடுவார்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை: நீங்கள் முழுசாகப் படிக்காத நாடகத்தைப் பட்டியலில் சேர்க்காதீர்கள். வன்முறையோ தற்கொலையோ எந்தக் காட்சியில் வருகிறது என்று பிள்ளைகளுக்கு முன்னால் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

விளக்கம் ஏராளமாகக் கிடைக்கும் நாடகம்தான் பாதுகாப்பு என்று நினைப்பதும் தவறு. ரஷ்ய எழுத்தாளர் செக்காவ் தன் 'செர்ரித் தோட்டம்' நகைச்சுவை நாடகம் என்றார், 1904-ல் அதை மேடையேற்றிய ஸ்தானிஸ்லாவ்ஸ்கி துன்பியலாகப் பார்த்தார். எழுதியவரும் இயக்கியவரும் ஒத்துப்போகாத இப்படி ஒரு நாடகம் கிடைத்தால் விடாதீர்கள், சொந்தமாக எழுத இடம் கிடைப்பது அதில்தான்.

சரி, எப்படித்தான் முடிவு செய்வது? மூன்று நாடகங்களை எடுத்துக்கொண்டு, இரண்டு நண்பர்களோடு உட்கார்ந்து ஒவ்வொன்றிலும் முதல் காட்சியை மட்டும் பாத்திரம் பிரித்துச் சத்தமாகப் படியுங்கள். எதை மூடும்போது "இரு, அடுத்தது என்னன்னு பாத்துடலாம்" என்று யாராவது சொல்கிறார்களோ, அதை எடுத்துக்கொள்ளுங்கள்.