காஷ்மீர் டு கன்னியாகுமரி, குழுவாகச் சைக்கிளில்: கிளம்பும் முன்பே நடக்கும் தவறுகள்

ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரிக்குச் சைக்கிளில் போகலாம் என்று முடிவெடுத்த அன்றே நடக்கும் முதல் தவறு, வகுத்தல் கணக்கு. 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை சுமார் 3,700 கிலோமீட்டர், லீவு 30 நாள், அப்போ ஒரு நாளைக்கு 123, அவ்வளவுதானே என்று வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவார்கள். தனியாகப் போகிறவருக்கே இந்தக் கணக்கு உதைக்கும். எட்டுப் பேர் போகும்போது டீ, பஞ்சர், செயின் கழன்றது என்று ஆளுக்கு ஒரே ஒரு தடவை பத்து நிமிடம் நின்றால்கூட எண்பது நிமிடம் காலி. நவம்பரில் ஆக்ரா, ஜான்சி பக்கம் பகல் வெளிச்சமே சுமார் பதினொரு மணி நேரம்தான்.

குழுவில் யார் மெதுவாக ஓட்டுகிறாரோ அவரால் சிரமமில்லாமல் எவ்வளவு போக முடியும் என்பதுதான் குழுவின் ஒருநாள் தூரம். லக்கேஜோடு போகும் கலவையான குழுவுக்கு 80, 90 கிலோமீட்டர், ஆறு நாளுக்கு ஒரு நாள் ஓய்வு என்று வைத்தால் மொத்தம் ஐம்பது நாள் ஆகும். அவ்வளவு லீவு இல்லையென்றால் பாதையைச் சுருக்குங்கள். நாக்பூரிலிருந்து தொடங்கினாலும் 1,700 கிலோமீட்டருக்குக் குறையாது, அதுவே பெரிய பயணம்தான். கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்னால் முழுச் சுமையோடு எல்லோரும் சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் 80, 90 கிலோமீட்டர் போய், மறுநாள் காலையே திரும்பி ஓட்டிப் பாருங்கள். அந்த இரண்டாவது நாள்தான் உண்மையைச் சொல்லும்.

வடக்கிலிருந்து தெற்கே வந்தால் இறக்கம்தானே என்று நினைப்பதும் தவறு. ஸ்ரீநகர் இருக்கும் பள்ளத்தாக்கை விட்டு வெளியே வரவே பனிஹால் பக்கம் பீர் பஞ்சால் மலையில் ஏற வேண்டும், பிறகு ராம்பன் வரை இறங்கி, மறுபடியும் பட்னிடாப் பக்கம் 2,000 மீட்டருக்கு ஏற வேண்டும். இப்போது நீளமான சுரங்கப்பாதைகள் வந்துவிட்டன, ஆனால் அவற்றில் சைக்கிளை விடுவார்களா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், வாசலில் போய் நின்று கேட்காதீர்கள். ராம்பன் பக்கம் மண் சரிந்து சாலையை மூடுவது வழக்கம் என்பதால் ஜம்மு போய்ச் சேர இரண்டு நாள் உபரியாக வையுங்கள். இன்னொன்று, வெளிமாநில ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது. இரண்டு பேரிடமாவது போஸ்ட்பெய்டு இருக்கட்டும்.

எப்போது கிளம்புவது? டிசம்பர், ஜனவரியில் பஞ்சாப், ஹரியானா சமவெளி பனிமூட்டத்தில் மூழ்கிவிடும், காலை பத்து மணிக்குக்கூட முன்னால் போகிற லாரி தெரியாத நாட்கள் உண்டு. அக்டோபர் முதல் வாரம் கிளம்பினால் தமிழ்நாட்டுக்குள் நுழையும்போது வடகிழக்குப் பருவமழை பிடிக்கும். நான் அக்டோபரையே சொல்வேன். சேலத்தில் மழையில் நனைவது அம்பாலாவில் கண் தெரியாமல் ஓட்டுவதைவிட எவ்வளவோ மேல். ஜூன், ஜூலையில் வைத்துக்கொண்டால் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று கடைசி நாளில் ஆளையே தள்ளும். முப்பந்தலில் அவ்வளவு காற்றாலைகள் நிற்பதே அதனால்தான்.

சைக்கிள் விஷயத்தில் பெரிய தவறு, ஆளுக்கொரு அளவு சக்கரம். ஒருவருக்கு 700சி, இன்னொருவருக்கு 26 இன்ச், ஒன்றில் மெல்லிய பிரெஸ்டா வால்வு, மற்றதில் மோட்டார் பைக்கில் இருப்பது போன்ற ஷ்ரேடர் வால்வு என்று இருந்தால் எல்லோரும் உதிரி டியூப் வைத்திருப்பார்கள், ஆனால் அவசரத்துக்கு ஒருவருடையது இன்னொருவருக்கு உதவாது. மத்தியப் பிரதேசத்தின் சியோனி மாதிரிச் சின்ன ஊர்க் கடைகளில் சாதாரண சைக்கிளுக்கான டியூப்தான் கிடைக்கும். முடிந்தவரை ஒரே அளவு டயர், ஒரே வால்வு. முடியாவிட்டால், ஒரே பம்பால் எல்லாச் சக்கரத்துக்கும் காற்றடிக்க வால்வு அடாப்டர் இரண்டு கட்டாயம். பம்பும் டூல்ஸும் கடைசியாக வருகிறவரிடம் இருக்க வேண்டும். முன்னால் பறந்துவிட்டவரிடம் இருந்து என்ன பயன்?

இருட்டிய பிறகு ஓட்டாதீர்கள். தூரம் பாக்கியிருந்தாலும் சரி, ரூம் புக் செய்திருந்தாலும் சரி. எதிர்த்திசையில் ஓரமாகவே வரும் டிராக்டரில் பல நேரம் விளக்கு இருக்காது. சியோனிக்கும் நாக்பூருக்கும் நடுவே சாலை பெஞ்ச் புலிகள் காப்பகத்தை ஒட்டிப் போகிறது. புலிகள் கடக்கத்தான் அங்கே சாலையையே தூணில் உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். அந்தப் பகுதியை உச்சி வெயிலிலேயே கடந்துவிடுங்கள். ஹைதராபாத்தில் மேப் அவுட்டர் ரிங் ரோட்டைக் காட்டினால் ஏறாதீர்கள், அதில் இரு சக்கர வாகனங்களுக்கு அனுமதி இல்லை, சர்வீஸ் ரோடுதான்.

இதையெல்லாம் சரியாகச் செய்த குழுக்கள்கூட உடைவது ஒரு பேச்சைப் பேசாமல் விட்டதால்தான். ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் என்ன செய்வது? எல்லோரும் நிற்பதா, ஒருவர் மட்டும் துணைக்கு இருப்பதா, எத்தனை நாள், அந்த ரூம் வாடகை பொதுப் பணத்திலா, அவர் பேருந்தில் வந்து சேர்ந்துகொண்டால் யாரும் முகம் சுளிக்காமல் இருப்பார்களா? கிளம்பும் முன் உட்கார்ந்து பேசி எழுதி வையுங்கள். படுத்துக் கிடக்கும் ஆளின் கட்டிலைச் சுற்றி நின்று இதைப் பேசினால் அவர் குற்ற உணர்ச்சியில் மறுநாளே எழுந்து மிதிப்பார், நாலு நாள் கழித்து மறுபடி படுப்பார். ஏஸி ரூம் வேண்டுமா, தாபா சாப்பாடு போதுமா என்பதும் அப்படித்தான், குறைவாகச் செலவு செய்ய முடிகிறவரைக் கேட்டு அதையே குழுவின் அளவாக வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பும் ரயிலையும் இப்போதே யோசியுங்கள். சைக்கிளைப் பார்சலில் போட்டால் உங்கள் ரயிலிலேயே வரும் என்று உறுதியில்லை, எட்டு சைக்கிள் என்றால் இன்னும் கடினம். பிரித்து அட்டைப் பெட்டியில் கட்டுவதாக இருந்தால், இடது பக்கப் பெடல் மரை தலைகீழாக இருக்கும், வலது பக்கம் மாதிரியே திருகிக் கெடுத்துவிடாதீர்கள்.