ஓடும்போது பானெட் தூக்குகிறதா? லாக்கை வீட்டிலேயே சரிபார்க்கலாம்

திண்டிவனம் தாண்டிப் போகும்போது ஒரு ஆம்னி பஸ் சர்ரென்று முந்திக்கொண்டு போனது. அந்தக் காற்றுக்கு என் பானெட்டின் முனை படபடவென்று ஆடியது. மெயின் லாக் விட்டுவிட்டது, அது விட்டாலும் பானெட் முழுசாகத் திறக்காமல் தடுக்கும் இரண்டாவது கொக்கி மட்டும்தான் பிடித்துக்கொண்டிருந்தது. பிரேக்கை அழுத்தி மிதிக்காமல் வேகத்தைக் குறைத்து, இடப்பக்கம் ஒதுங்கினேன். (பானெட் முழுசாகத் திறந்து கண்ணாடியை மறைத்தாலும் இதேதான்: ஹசார்ட் லைட் போட்டு, பானெட்டுக்குக் கீழே தெரியும் இடுக்கு வழியாகவோ பக்கத்துக் கண்ணாடி வழியாகவோ பார்த்தபடி மெல்ல ஒதுங்குங்கள்.)

இன்ஜின் ஆறிய பிறகு ஆரம்பியுங்கள். ரேடியேட்டருக்கு மேலே இருப்பது லாக், பானெட்டின் அடியில் இருக்கும் வளைந்த கம்பி அதற்குள் போய் மாட்டும். பழைய டூத் பிரஷ்ஷால் மண்ணைத் தட்டிவிட்டு, டபிள்யூடி-40 அடித்துத் துடையுங்கள். அதோடு விட்டுவிடாதீர்கள், அது அழுக்கைக் கரைக்கும், ஆனால் கிரீஸ் மாதிரி நிற்காது. மேலே வெள்ளை லித்தியம் கிரீஸ் ஸ்ப்ரே ஒரு சுற்று. பட்டறை டப்பாவில் இருக்கும் கெட்டி கிரீஸை நான் தொடமாட்டேன். நாலு மாதத்தில் தூசியோடு சேர்ந்து களிமண்ணாகிவிடுகிறது. என் லாக் சிக்கியதே அதனால்தான்.

அடுத்தது நான் மாட்டிக்கொண்ட இடம். பானெட் திறந்திருக்கும்போதே, கம்பி வந்து அழுத்துவதுபோல ஸ்க்ரூடிரைவரால் லாக்கின் கொண்டியை அழுத்துங்கள். 'டக்' என்று பூட்டி நிற்க வேண்டும். கையால் நெம்பினாலும் விடக்கூடாது. பிறகு உள்ளே டிரைவர் பக்கத்து லீவரை இழுத்தால் துள்ளித் திறக்க வேண்டும். திறந்துவிட்டதைக் கண்ணால் பார்க்காமல் பானெட்டை மூடாதீர்கள். பூட்டிய லாக்கின் மேலேயே ஓங்கி மூடினேன். முன்விளிம்பில் இன்னும் அந்த நெளிசல் இருக்கிறது, டிங்கரிங் செய்ய மனசு வரவில்லை.

இரண்டாவது கொக்கியையும் விரலால் தள்ளிவிட்டுப் பாருங்கள். ஸ்பிரிங் அதைச் சட்டென்று பழைய இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். சோம்பலாகத் திரும்பினால் சுத்தம் செய்யுங்கள். அப்படியும் திரும்பாவிட்டால் மாற்றுங்கள், வளைத்து நிமிர்த்துகிற வேலை வேண்டாம்.

இதற்குப் பிறகும் பானெட் ஆடினால் லாக்கைக் கொஞ்சம் நகர்த்த வேண்டும். அதைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் பெரும்பாலும் 10 எம்எம். ஸ்பேனர் செட்டே வாங்க வேண்டாம், ஒரு நல்ல டி-ஸ்பேனர் போதும். தளர்த்துமுன் லாக்கைச் சுற்றி மார்க்கரால் கோடு போட்டுக்கொள்ளுங்கள், அப்போதுதான் எவ்வளவு நகர்த்தினோம் என்று தெரியும். லாக்கைக் கீழே இறக்கினால் பானெட் இறுக்கமாக உட்காரும். ஒரு தடவைக்கு ஒரு மில்லிமீட்டர், அதற்கு மேல் வேண்டாம்.

மூடும்போது ஓர் அடி உயரத்திலிருந்து விடுங்கள், நடுவில் கை வைத்து அமுக்கினால் தகடு குழியும். மூடியதும் முனையைத் தூக்கிப் பாருங்கள், ஆடக்கூடாது. லீவரை இழுத்தால் கொஞ்சம் எழும்பி, இரண்டாவது கொக்கியில் நிற்க வேண்டும்.

பின்சேர்க்கை 1: "எல்லாம் செய்தும் ஆடுகிறது" என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். இரண்டு மூலையிலும் இருக்கும் ரப்பர் புஷ்ஷை மறந்துவிட்டேன், மன்னிக்கவும். திருகினால் ஏறி இறங்கும். ரப்பரின் மேல் ஒரு தாளை வைத்து பானெட்டை மூடி இழுங்கள். இழுபட்டுத்தான் வர வேண்டும். சுலபமாக உருவிக்கொண்டு வந்தால் ரப்பரை ஏற்றுங்கள். அளவுக்கு மீறி ஏற்றினால் லாக்கே விழாது.

பின்சேர்க்கை 2: உள்ளே லீவர் பாதியில் நின்றுவிடுகிறது என்றால் கோளாறு பெரும்பாலும் லாக்கில் இல்லை, லீவரையும் லாக்கையும் இணைக்கும் கேபிளில். உறைக்குள் துரு பிடித்துக் கம்பி திரும்பாமல் நிற்கும், கொண்டியும் பாதிதான் பூட்டும். எண்ணெய் விட்டுப் பார்ப்பதைவிடப் புது கேபிள் மாற்றிவிடுவது மேல். மூடிய பிறகு கேபிள் அறுந்தால் பானெட்டைத் திறப்பதே பெரும்பாடு.

முன்பக்கம் இடிபட்டு டிங்கரிங் செய்த வண்டி என்றால் இதையெல்லாம் நீங்களே முயலாதீர்கள். கீல் கோணியிருக்கலாம், நேராகப் பட்டறைக்கு விடுங்கள்.