போட்ட ஜல்லி எங்கே போகிறது? சிறிய டிராக்டரில் காட்டுப் பாதைக்குக் கல் அடிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மரங்களுக்கு நடுவே போகும் மண்பாதையில் போன வருடம் கொட்டிய ஜல்லியை இந்த வருடம் தேடினால் மூன்று இடங்களில் கிடைக்கும். சரிவின் அடியில் விசிறி போலப் பரந்து கிடக்கும், சேற்றுக்குள் புதைந்திருக்கும், இல்லையென்றால் பாதையின் இரு ஓரத்திலும் வரப்புக் கட்டியது போல ஒதுங்கியிருக்கும். எங்கே கிடக்கிறது என்று பார்த்தாலே எந்தத் தவறு நடந்தது என்று புரிந்துவிடும். அதைப் பார்க்காமல் மறுபடியும் லோடு அடித்தால், புது ஜல்லியும் பழையது போன வழியே போய்விடும்.

சரிவின் அடியில் கிடந்தால்: தண்ணீருக்கு வழி விடவில்லை

டயர் ஓடிய தடங்கள் பள்ளமாகி, நடுவில் புல் முளைத்து மேடேறிய பாதையில் அந்த இரண்டு தடங்களும் வாய்க்கால்தான். பலரும் அந்தப் பள்ளத்திலேயே ஜல்லியைக் கொட்டி நிரப்புகிறார்கள். அடுத்த பெருமழையில் வாய்க்கால் அதை அள்ளிக்கொண்டு போய்விடும்.

முதலில் பிளேடு வேலை. டிராக்டரின் பின்னால் மாட்டும் பெட்டி வடிவ மண்வாரியான பாக்ஸ் பிளேடின் பற்களை 5 செ.மீ. இறக்கி நடு மேட்டையும் ஓரங்களையும் கிளறிவிட்டு, மண்ணைத் தடங்களுக்குள் இழுத்து, பாதையின் நடுவை உயர்த்த வேண்டும். பிளேடின் வலப்பக்கத்தைச் சற்றுத் தாழ்த்தி, போகும்போதும் வரும்போதும் உங்கள் வலக்கைப் பக்கம் வரும் பாதியிலேயே ஓட்டினால் நடு தானாக உயரும். 2.5 மீட்டர் அகலப் பாதையில் நடு, ஓரத்தைவிட 5 முதல் 7 செ.மீ. உயர்ந்திருந்தால் போதும். கண்மதிப்பை நம்ப வேண்டாம். மரங்களுக்கு நடுவே தரையே சாய்ந்திருப்பதால் கண் ஏமாறும். குறுக்கே நூல் பிடித்து, ரசமட்டம் வைத்து, ஓரத்தில் நூலுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை அளந்துவிடுங்கள்; ஒரு நிமிட வேலை.

இவ்வளவும் செய்துவிட்டு ஓரத்து மண் வரப்பை வெட்டாமல் விடுவது அடுத்த தவறு. நடுவிலிருந்து வடியும் தண்ணீர் வெளியே போக முடியாமல் வரப்பை ஒட்டியே ஓடி, புதிதாக ஒரு வாய்க்காலை அறுத்துவிடும்.

நீண்ட சரிவுக்கு நடு மேடு மட்டும் போதாது. குறுக்கு வடிகால் வேண்டும். 100 மீட்டருக்கு 5 மீட்டர் இறங்கும் சரிவில் சுமார் 40 மீட்டருக்கு ஒன்று, 10 மீட்டர் இறங்கினால் 25 மீட்டருக்கு ஒன்று, 15 என்றால் 18 மீட்டருக்கு ஒன்று. பாதைக்கு நேர்க்குறுக்காக வெட்டாமல் சுமார் 30 டிகிரி சாய்த்து வெட்டினால் மண் தங்காது. அதைக் கூர்மையான மேடாகக் கட்டினால் பாரம் ஏற்றிய டிரெய்லர் அதில் ஏறி இறங்கும்போது ஆட்டம் கண்டுவிடும். எனவே பல மீட்டர் நீளத்துக்கு மெல்ல இறங்கி மெல்ல ஏறும் பள்ளமாக அமையுங்கள். வடிகாலின் வாய் திறந்திருக்கிறதா என்பதை இலையுதிர் காலத்துக்குப் பின் கட்டாயம் பார்க்க வேண்டும். காட்டில் வடிகாலை அடைப்பது பெரும்பாலும் இலைதான்.

சேற்றுக்குள் கிடந்தால்: அடித்தளம் இல்லை

மரத்தடியில் பல வருடம் மக்கிய இலை பஞ்சு போலத் தண்ணீரை உறிஞ்சி வைத்திருக்கும். அதன் மேல் கல்லைப் போட்டால் ஒவ்வொரு டயரும் கல்லைக் கீழே அழுத்தும், சேற்றை மேலே பிதுக்கும். இலைமக்கைச் சுரண்டி எடுத்து, கெட்டி மண் தெரிந்த பிறகே கல் போட வேண்டும். ஆனால் பெரிய மரங்களின் வேர் ஓடும் இடத்தில் ஆழமாகச் சுரண்டக் கூடாது. வேரை வெட்டினாலும், தடிமனான மண்ணால் மூடிவிட்டாலும் மரம் பட்டுப்போகும் ஆபத்து உண்டு. பாதையை ஓரடி தள்ளிப் போட இடமிருந்தால் தள்ளிப் போடுவதே நல்லது.

களிமண் தொடர்ந்து குழைந்து கிடக்கும் இடத்தில் எத்தனை லோடு கொட்டினாலும் விழுங்கிவிடும். அங்கே ஜியோடெக்ஸ்டைல் துணி விரித்துத்தான் ஆக வேண்டும். அது சேறும் கல்லும் கலக்காமல் தடுக்கும். துண்டுகள் ஒன்றன் மேல் ஒன்று 50 செ.மீ. படியட்டும். துணி மேல் நேரடியாக டிராக்டரை ஏற்றாதீர்கள்: பின்புறமாக வந்து கொட்டி, முன்னே தள்ளி, 15 செ.மீ. கல் பரந்த பிறகே சக்கரம் ஏறலாம்.

தண்ணீர் தேங்கிய குழியில் அப்படியே ஜல்லி கொட்டுவதும் இதே வகைத் தவறு. தண்ணீரை வெளியேற்றி, சேற்றை அள்ளி, குழியின் சாய்ந்த விளிம்பைச் செங்குத்தாக வெட்டிய பிறகு நிரப்ப வேண்டும். விளிம்பு கிண்ணம் போல விட்டால் டயர் ஒவ்வொரு முறையும் கல்லை வெளியே வீசும்.

ஓரத்தில் ஒதுங்கினால்: கல்லே தப்பு

ஆற்றுக் கூழாங்கல் பார்க்க அழகு, பாதைக்கு ஆகாது. உருண்டை கல் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளாமல் உருளும். உடைத்த கல்லின் கூர்முனைகள்தான் கோத்துக்கொள்ளும். அதிலும் சலித்துச் சுத்தமாக்கிய ஒரே அளவு ஜல்லி அடி அடுக்குக்கும் வடிகாலுக்கும்தான் சரி. மேல் அடுக்குக்கு 20 மி.மீ. முதல் கல்தூள் வரை எல்லா அளவும் கலந்த கலவை வேண்டும். ஒரு பிடி அள்ளி, லேசாக நனைத்து, கையில் அழுத்திப் பாருங்கள். கட்டியாக நின்றால் பாதையிலும் நிற்கும். கையைத் திறந்ததும் உதிர்ந்தால் தூள் போதாது.

புது லோடு வாங்கும் முன் ஓரத்தில் ஒதுங்கிய கல்லைப் பிளேடால் நடுவுக்கு இழுத்துவிடுங்கள். தேவை கணிசமாகக் குறையும். பரப்பும்போது கல் ஈரமாக இருக்க வேண்டும். எலும்பு போலக் காய்ந்திருந்தால் தூள் அடியிலும் கல் மேலேயும் பிரிந்துவிடும். துணி விரித்த இடம் தவிர மற்ற இடங்களில் ஒரே தடவையில் 15 செ.மீ. கொட்டாமல் 7, 8 செ.மீ. அடுக்காகப் போட்டு, ஒவ்வொரு முறையும் டயரை அரை அகலம் தள்ளி ஓட்டி இறுக்க வேண்டும். முழுவதும் ஒரே தடத்தில் ஓட்டினால் மறுபடியும் இரண்டு வாய்க்கால்.

எத்தனை லோடு என்று கணக்குப் போடாமல் தொடங்குவது

100 மீட்டர் நீளம், 2.5 மீட்டர் அகலம், இறுகிய பின் 7.5 செ.மீ. தடிமன் என்றால் 18.75 கன மீட்டர். இறுகும்போது குறையும் என்பதால் தளர்வாக சுமார் 23 கன மீட்டர் வேண்டும். தளர்ந்த ஜல்லி கன மீட்டருக்கு 1.6 டன் அளவில் வரும் என்று கொண்டால் மொத்தம் 37 டன். நடைக்கு 800 கிலோ என்றால் 46 நடை. இந்த எண்ணைப் பார்த்ததும், டிரெய்லர் தொட்டியை நிறைத்துவிட்டால் பாதி நடையில் முடியுமே என்று தோன்றும். விபத்துக்கு விதை போடுவது இந்த நினைப்புதான்.

ஒரு கன மீட்டர் தொட்டி விறகு ஏற்றும்போது நிறைந்தாலும் பரவாயில்லை. அதே தொட்டி ஜல்லியால் நிறைந்தால் 1,600 கிலோ, நனைந்தால் இன்னும் அதிகம். சுமார் 1,100 கிலோ எடையுள்ள சிறிய டிராக்டருக்குப் பின்னால், பிரேக் இல்லாத டிரெய்லரும் பாரமும் சேர்ந்து அந்த 1,100 கிலோவைத் தாண்டாமல் இருப்பது நல்லது. செங்குத்தான சரிவில் அதில் பாதி. கையேட்டில் இதைவிடக் குறைவாகப் போட்டிருந்தால் அதுவே எல்லை. தொட்டியின் உட்பக்கம் ஜல்லிக்கென்று ஒரு பெயின்ட் கோடு போட்டுவிட்டால் ஏற்றுபவர் யாராக இருந்தாலும் குழப்பம் வராது.

பாரத்தைப் பின்பக்கம் குவிக்கக் கூடாது. இருசக்கர டிரெய்லரில் பின்பாரம், டிரெய்லரை மாட்டும் தண்டான டிராபாரை மேலே தூக்கி, டிராக்டரின் பின்சக்கரப் பிடிப்பைக் குறைத்துவிடும். மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் டிராபாரில் அழுத்தட்டும். மாட்டுவதும் டிராபாரில் மட்டுமே. டாப் லிங்க் (பின்கருவியை மேலே பிடிக்கும் கம்பி) மாட்டும் இடம் போன்ற உயரத்தில் கட்டி இழுத்தால் முன்சக்கரம் எழும்பி டிராக்டர் பின்னால் மல்லாந்துவிடும். கிளட்சை மிதிக்கக்கூட நேரம் கிடைக்காது.

இறக்கத்தில் கியரை நடுவழியில் மாற்றுவதும் கிளட்சை மிதித்து உருட்டுவதும் கூடவே கூடாது. இறக்கம் தொடங்கும் முன்பே கீழ்க் கியருக்கு வந்து, எஞ்சினே பிடித்து நிறுத்தும்படி இறங்க வேண்டும். நான்கு சக்கர இயக்கம் இருந்தால் இறங்கும்போதும் போட்டே வையுங்கள். பல சிறிய டிராக்டர்களில் பிரேக் பின்சக்கரங்களுக்கு மட்டும்தான்; பின்சக்கரம் வழுக்கினால் முன்சக்கரம்தான் துணை. இடது, வலது பிரேக் பெடல்களைச் சேர்த்துப் பூட்டவும் மறக்க வேண்டாம்.

டிராக்டரின் முன்னால் மாட்டிய லோடர் பக்கெட்டில் அள்ளினால் பின்னால் எதிர்பாரம் வேண்டும். பாக்ஸ் பிளேடு மாட்டியிருந்தாலே ஓரளவு உதவும். பக்கெட்டைத் தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்துக்கு மேல் தூக்கிக்கொண்டு ஓட்டாதீர்கள்.

பாதை ஏற்கெனவே கெட்டியாக இருந்தால் தூர முனையிலிருந்து பரப்பிக்கொண்டு வாருங்கள். பாரவண்டி புதுத் தளத்தைக் குலைக்காது. குழைந்த பாதை என்றால் கிட்ட முனையிலிருந்து, போட்ட கல் மேலேயே ஏறிப் போக வேண்டும்.

கிளை இடிக்கிறது என்று தலைக்கு மேலுள்ள பாதுகாப்புச் சட்டத்தை மடக்கிவிட்டு ஓட்டுபவர்கள் உண்டு. சட்டம் நிமிர்ந்தும் சீட் பெல்ட் போட்டும் இருந்தால்தான் கவிழும்போது ஆள் பிழைக்க வழி. கிளையை வெட்டுங்கள், வெயில் இறங்கிப் பாதையும் சீக்கிரம் காயும். கொட்டும் இடத்தில் இன்னும் கொஞ்சம் உயரம் விட்டு வெட்ட வேண்டும், தொட்டி எழும்பும்போது கிளையில் சிக்கும். தரை பக்கவாட்டில் சாய்ந்திருக்கும் இடத்தில் தொட்டியைத் தூக்கவே வேண்டாம். ஈரக் கல் ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டால் டிரெய்லர் அந்தப் பக்கமே சாயும். அங்கே கொண்டுபோன கல்லை மண்வெட்டியால் தள்ளித்தான் இறக்க வேண்டும்.